மேனுவல் ஃபோகஸா? ஆட்டோ ஃபோகஸா?

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவனின் கட்டுரை)



நம்ம பாலிடெக்னிக்கில் இன்று கேமரா இல்லாத கை கிடையாது. எல்லார் பாக்கெட்டிலும் செல்போன் இருக்கிறது. சிலரிடம் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இருக்கிறது. இன்னும் சிலர் வீட்டு பீரோவில் அப்பா காலத்து ஃபிலிம் கேமரா துணியில் சுற்றித் தூங்குகிறது. நான் லீவு நாட்களில் மாமாவின் ஸ்டூடியோவுக்கு உதவிக்குப் போகிறவன். அதனாலோ என்னவோ, ஹாஸ்டலில் என்னைப் பார்த்ததும் பலர் கேட்பது இந்த ஒரே கேள்விதான்: "மேனுவல் ஃபோகஸ் நல்லதா, ஆட்டோ ஃபோகஸ் நல்லதா?"

ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அது அரைகுறையாகத்தான் இருக்கும். லேத்தில் கையால் ஃபீட் கொடுப்பது நல்லதா, ஆட்டோ ஃபீட் போடுவது நல்லதா என்று கேட்டால் நம்ம ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் என்ன சொல்வார்? "என்ன வேலைடா அது?" என்று திருப்பிக் கேட்பார். அதே கதைதான் இங்கும். வேலையைப் புரிந்துகொண்டால் பதில் தானாக வரும். எனவே அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்.

ஃபோகஸ் என்பது என்ன?

பள்ளிக்கூடத்து பௌதிகத்தில் குவிலென்ஸ் படித்தோம் அல்லவா? பொருள் இருக்கும் தூரத்தின் தலைகீழியையும் பிம்பம் விழும் தூரத்தின் தலைகீழியையும் கூட்டினால் குவியத் தூரத்தின் தலைகீழி கிடைக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின அந்தச் சூத்திரம்தான் கேமராவுக்குள் வேலை செய்கிறது.

ஒரு 50 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு எட்டாத தூரத்து மலையின் பிம்பம் லென்ஸிலிருந்து 50 மி.மீ. பின்னால் விழும். 2 மீட்டரில் நிற்கும் நண்பனின் பிம்பம் 51.3 மி.மீ.க்குப் பின்னால் விழும். 1 மீட்டர் என்றால் 52.6 மி.மீ.; அரை மீட்டர் என்றால் 55.6 மி.மீ. ஃபிலிமோ சென்சாரோ அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதால், லென்ஸ்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்த நகர்த்தலுக்குப் பெயர்தான் ஃபோகஸ். அதை நம் விரல் செய்தால் மேனுவல், மோட்டார் செய்தால் ஆட்டோ. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மலையிலிருந்து 2 மீட்டருக்கு வர லென்ஸ் 1.3 மி.மீ. நகர்ந்தால் போதும். ஆனால் 1 மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு வர 3 மி.மீ. நகர வேண்டும். கிட்டே போகப் போக ஃபோகஸ் வேலை கூடுகிறது. வெர்னியர் காலிப்பரில் அளக்க வேண்டிய சமாச்சாரத்தை நாம் கண்ணாலேயே அளக்கிறோம் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

தெளிவு ஆழம்

நாம் ஃபோகஸ் செய்த தூரம் மட்டும்தான் நூற்றுக்கு நூறு தெளிவு. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும் இருப்பது நம் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். அந்த இடைவெளிதான் தெளிவு ஆழம். இதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

35 மி.மீ. ஃபிலிம் அளவில் 50 மி.மீ. லென்ஸ். ஆள் 2 மீட்டரில் நிற்கிறார். அப்பர்ச்சர் எஃப் 1.8 என்றால் தெளிவு ஆழம் சுமார் 17 செ.மீ. தான். முகம் தெளிவாக விழும்போது பின்னால் இருக்கும் தோள் மங்கிவிடும். அதே இடத்தில் எஃப் 8 வைத்தால் சுமார் 1.68 மீட்டரிலிருந்து 2.46 மீட்டர் வரை, அதாவது முக்கால் மீட்டருக்கு மேல் தெளிவு. ஃபோகஸ் கொஞ்சம் தள்ளிப்போனாலும் எஃப் 8 மன்னிக்கும். எஃப் 1.8 மன்னிக்காது.

செல்போனில் ஃபோகஸ் பற்றி யாரும் கவலைப்படாததன் ரகசியமும் இதுதான். அதன் மெயின் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டர்தான். அதனால் தெளிவு ஆழம் தாராளமாகக் கிடைக்கிறது. போர்ட்ரெய்ட் மோடில் பின்னால் மங்கலாகத் தெரிவது பெரும்பாலும் கணக்குப் போட்டு மங்கவைத்ததுதான், லென்ஸ் செய்த வேலை அல்ல.

கையால் ஃபோகஸ் செய்த காலம்

பழைய மேனுவல் கேமராவை வீட்டில் வைத்திருப்பவர்கள் அதன் வியூஃபைண்டரை ஒரு தடவை பாருங்கள். பென்டாக்ஸ் கே 1000 (1976 முதல் 1997 வரை தயாரானது), நிக்கான் எஃப்.எம். 2 (1982 முதல் 2001 வரை) போன்றவை. எஃப்.எம். 2-இல் நடுவில் ஒரு சின்ன வட்டம் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். எதிரெதிராகச் சாய்த்து வைத்த இரண்டு கண்ணாடிப் பட்டகங்கள் அவை. ஃபோகஸ் இல்லாவிட்டால் தூண் ஒன்று நடுவில் வெட்டுப்பட்டு மேல்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம் நிற்கும். ரிங்கைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி, ஒன்றாகச் சேர்ந்ததும் ஃபோகஸ் சரி. மோட்டாரும் பேட்டரியும் இல்லாமல் எவ்வளவு அழகான அளவுகோல்!

டிஜிட்டல் கேமராவில் இந்த வட்டம் பொதுவாக இருக்காது. அதன் திரை பிரகாசமாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. கையால் ஃபோகஸ் செய்வதற்காக அல்ல. அதனால்தான் "மேனுவலில் எடுத்தேன், எல்லாம் அவுட்" என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். அதில் மேனுவல் வேண்டுமென்றால் லைவ் வியூவைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்ப வேண்டும். தெளிவான ஓரங்களை வண்ணக் கோட்டால் காட்டும் பீக்கிங் வசதி இருந்தால் இன்னும் சுலபம்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வியூஃபைண்டர் பக்கத்தில் டயாப்டர் சக்கரம் ஒன்று பல கேமராக்களில் இருக்கும். திரையில் உள்ள கோடுகளும் எண்களும் உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்வரை முதலில் அதைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் மேனுவல் ஃபோகஸைக் குறை சொல்வது, ஜீரோ எரர் பார்க்காமல் மைக்ரோமீட்டரைக் குறை சொல்வது மாதிரி.

மோட்டார் வந்த கதை

1977-இல் கோனிகா சி 35 ஏ.எஃப். வந்தது. பெரிய அளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஆட்டோ ஃபோகஸ் கேமரா அதுதான். ஹனிவெல் கம்பெனியின் கருவி அதற்குள் இருந்தது. 1978-இல் போலராய்டு எஸ்.எக்ஸ். 70 சோனார், வௌவால் மாதிரி கேளா ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கண்டுபிடித்தது. ஆள் 2 மீட்டரில் நின்றால் ஒலி போய்வர சுமார் 0.012 நொடி. நல்ல யோசனைதான், ஆனால் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரை எடுக்க முடியாது. ஒலி கண்ணாடியிலேயே முட்டித் திரும்பிவிடும்! 1979-இல் கேனான் ஏ.எஃப். 35 எம். அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது திரும்பிவரும் கோணத்தை வைத்து அளந்தது. நம்ம சர்வே பாடத்தில் வரும் முக்கோணக் கணக்குதான்.

லென்ஸ் மாற்றும் கேமராக்களில் 1981-இல் பென்டாக்ஸ் எம்.இ. எஃப். முயற்சி செய்தது. உண்மையான திருப்பம் 1985-இல் வந்த மினோல்டா 7000. மோட்டாரையும் ஃபோகஸ் சென்சாரையும் கேமராவுக்குள்ளேயே வைத்து, சாதாரண ஆள் தூக்கிப் போகும்படி செய்தார்கள். மற்ற கம்பெனிகள் ஓடிவந்து சேர்ந்துகொண்டன. 1987-இல் கேனான் தன் பழைய லென்ஸ் மவுண்டையே கைவிட்டு ஈ.ஓ.எஸ். வரிசையை ஆரம்பித்து, மோட்டாரை லென்ஸுக்குள் வைத்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். நிக்கான் 1959-இல் வந்த தன் மவுண்டை விடாமல் ஆட்டோ ஃபோகஸுக்கு மாறியது.

வெற்றிக்கு விலையும் இருந்தது. தங்கள் காப்புரிமையை மீறிவிட்டதாக ஹனிவெல் வழக்குப் போட, 1992-இல் மினோல்டா 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. பேட்டன்ட் என்பது வெறும் தியரி பேப்பர் சமாச்சாரம் என்று நினைக்கும் நண்பர்கள் இதை ஒரு தடவை படிக்கட்டும்.

கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்றைய கேமராக்களில் முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, கான்ட்ராஸ்ட் முறை. தெளிவான படத்தில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் எல்லை கூர்மையாக இருக்கும். கேமரா லென்ஸை நகர்த்திக்கொண்டே போய், கூர்மை உச்சத்தைத் தாண்டிக் குறைய ஆரம்பித்ததும் திரும்பி வந்து உச்சத்தில் நிறுத்தும். துல்லியமானது. ஆனால் முன்னும் பின்னும் தேடுவதால் நேரமாகும்.

இரண்டு, ஃபேஸ் முறை. லென்ஸின் ஒரு ஓரம் வழியாக வரும் ஒளியையும் எதிர் ஓரம் வழியாக வரும் ஒளியையும் தனித்தனியே பிரித்து இரண்டு பிம்பமாக்கி, அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியை அளப்பது. இடைவெளியைப் பார்த்ததுமே எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று தெரிந்துவிடும். தேட வேண்டியதில்லை. யோசித்துப் பார்த்தால் இது எஃப்.எம். 2-இன் வெட்டுப்பட்ட தூணேதான்! அங்கே கண் பார்த்ததை இங்கே சென்சார் பார்க்கிறது. எஸ்.எல்.ஆர். கேமராவில் இந்த சென்சார் கண்ணாடிக்குக் கீழே, அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். 2013-இல் கேனான் 70 டி வந்தபோது படம் பிடிக்கும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையுமே இரண்டாகப் பிரித்து இந்த வேலையைச் செய்யவைத்தார்கள். இப்போது பல மிர்ரர்லெஸ் கேமராக்கள் முகத்தையும், முகத்தில் கண்ணையும் தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்கின்றன.

மோட்டார் எங்கே ஏமாறும்?

இரண்டு முறைக்குமே பிடித்துக்கொள்ள ஒரு கோடோ ஓரமோ வேண்டும். வெள்ளைச் சுவர், மேகமில்லாத வானம், இருட்டு மேடை - இங்கெல்லாம் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுக் கைவிரிக்கும். கம்பி வலைக்குப் பின்னால் நிற்பவரை எடுக்கப் போனால் கம்பியைப் பிடிக்கும். ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. கேமரா "பீப்" என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டு, தப்பான இடத்தில் ஃபோகஸ் செய்வது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் அவருடைய அப்பா தவறிவிட்டார். அவர் பெரும்பாலும் படத்துக்கு நிற்கவே மாட்டாராம். தாரை வார்த்துக் கொடுக்கிற நேரத்தில் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு படம் ஆல்பத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாமா ஸ்டூடியோவுக்கு வந்தார். படத்தில் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பூவும் சீரியல் பல்பும் ஊசி முனை மாதிரி தெளிவு. அப்பா முகமும் மகள் முகமும் கலங்கிப் போயிருந்தன.

நடந்தது என்னவென்று படத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. நடுப் புள்ளி இரண்டு தலைகளுக்கும் இடையில் இருந்த சந்து வழியாகப் பின்னால் போய் பல்பைப் பிடித்திருக்கிறது. பல்பை விட நல்ல கான்ட்ராஸ்ட் எங்கே கிடைக்கும்? மோட்டார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

"கம்ப்யூட்டர்ல தெளிவா பண்ண முடியுமா அண்ணா?" என்று அக்கா கேட்டார். மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓரத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கலாம்மா. பதியாத முகத்தைக் கொண்டுவர முடியாது. இப்ப வர்ற ஏ.ஐ. சாஃப்ட்வேர் ஒரு முகத்தை வரைஞ்சு குடுக்கும். அது உங்க அப்பா மாதிரி இருக்கும். உங்க அப்பாவா இருக்காது." அக்கா அந்தப் படத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

நம்மில் பலர் பகுதி நேரமாகக் கல்யாண வேலைக்குப் போகிறோம். கைச்செலவுக்குக் காசு வருகிறது, சந்தோஷம். ஆனால் நாம் கையில் பிடித்திருப்பது இன்னொரு குடும்பத்தின் திரும்பி வராத நிமிஷம் என்பதை மறக்கக் கூடாது. தூரத்தை அளக்கும் வேலையை மோட்டாரிடம் விடலாம். யார் முகத்துக்குத் தூரம் அளக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நம்ம பொறுப்பு.

எந்த வேலைக்கு எது?

1. கல்யாணம், விழா, ஓடியாடும் குழந்தைகள்: ஆட்டோதான். ஆனால் ஃபோகஸ் புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள். முகத்தின் மேல் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு ஃப்ரேமைச் சரிசெய்து முழுதாக அழுத்துங்கள். எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இருபது வருஷம் எஃப்.எம். 2 வைத்திருந்த மாமாவே சொல்வார்: "கண்ணு மங்குன பிறகுதான் மாப்ளே ஆட்டோவோட அருமை தெரியுது."

2. ஸ்போர்ட்ஸ் டே: 100 மீட்டர் ஓட்டத்தில் நம்மை நோக்கி ஓடிவருபவன் நொடிக்குச் சுமார் 8 மீட்டர் வருகிறான். 135 மி.மீ. லென்ஸ், எஃப் 4, 10 மீட்டர் தூரம் என்றால் தெளிவு ஆழம் சுமார் 1.3 மீட்டர். அதை அவன் 0.16 நொடியில் கடந்துவிடுவான்! நல்ல கேமரா என்றால் தொடர் ஆட்டோ ஃபோகஸ் போடுங்கள். சுமாரான கேமரா என்றால் ஃபினிஷிங் கோட்டுக்கு முன்பே மேனுவலில் ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, ஆள் கோட்டைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் அழுத்துங்கள். கோடு எங்கேயும் ஓடாது.

3. லேப் படங்கள்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு யு.டி.எம். மெஷினில் கம்பி மெலிந்து அறுபடுவதையோ, கான்கிரீட் க்யூப் உடைவதையோ எடுக்க வேண்டியிருக்கும். 28 நாள் தண்ணீரில் ஊறின க்யூப் ஒரு தடவைதான் உடையும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மேனுவலில் ஃபோகஸ் செய்து, ரிங்கைத் தொடாமல் விடுங்கள். ஆட்டோவில் விட்டால் கடைசி நொடியில் மெஷினின் தூணைப் பிடிக்கப் போய்விடும். பாதுகாப்புத் தூரத்தில் நிற்பது அதைவிட முக்கியம்.

4. சின்னப் பொருள்கள்: கியர் பல், வெல்டிங் விரிசல், சர்க்யூட் போர்டு. மேனுவல். ரிங்கை ஓரிடத்தில் வைத்துவிட்டு, கேமராவையே மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். கிட்டத்தில் இதுதான் சுலபம்.

5. வகுப்பு குரூப் போட்டோ: எதில் செய்தாலும் சரி, எஃப் 8 வையுங்கள். 50 மி.மீ. லென்ஸில் 5.5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் சுமார் 3.6 மீட்டரிலிருந்து 11.5 மீட்டர் வரை தெளிவு. பெஞ்ச் மேல் நிற்கும் கடைசி வரிசையும் தப்பாது.

6. இண்டஸ்ட்ரியல் விசிட், கோயில், கடைத்தெரு: 28 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 3.3 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால் 1.65 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெளிவு. பிறகு ஃபோகஸை மறந்துவிட்டுக் காட்சியை மட்டும் பார்க்கலாம். எந்த ஆட்டோவும் இந்த வேகத்துக்கு வராது.

7. செல்போன்: முகத்தைத் திரையில் தொட்டுவிட்டு எடுங்கள். பல போன்களில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

நீங்களே செய்து பாருங்கள்

படித்தால் மட்டும் போதாது. நாம் டிப்ளமோ மாணவர்கள், பிராக்டிகல் வேண்டும். ஒரு நீளமான பெஞ்சில் பத்து சாக்பீஸ்களை 10 செ.மீ. இடைவெளியில், ஒன்றையொன்று மறைக்காதபடி சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். ஐந்தாவது சாக்பீஸ் கேமராவிலிருந்து 2 மீட்டரில் இருக்கட்டும். அதில் ஃபோகஸ் செய்து எஃப் 1.8-இல் ஒரு படம், எஃப் 8-இல் ஒரு படம். இரண்டையும் ஆட்டோவில் ஒரு தடவை, மேனுவலில் ஒரு தடவை எடுங்கள். கணக்குப்படி முதல் படத்தில் ஐந்தாவது மட்டும் தெளிவு. இரண்டாவது படத்தில் முன்னால் மூன்றும் பின்னால் நான்கும் கூடச் சேரும். கேமராவின் சென்சார் ஃபிலிமை விடச் சின்னதாக இருந்தால் அதே 50 மி.மீ. லென்ஸில் எண்ணிக்கை இன்னும் குறையலாம். ஆட்டோவில் எடுத்த படத்தில் ஐந்துக்குப் பதிலாக ஆறாவது தெளிவாக இருந்தால், உங்கள் கேமராவின் குணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் தெரிந்துகொள்வதை விட வகுப்பறையில் தெரிந்துகொள்வது நல்லதில்லையா?

ஆக நண்பர்களே, மேனுவல் தெரிந்தவன் ஆட்டோவை நன்றாகப் பயன்படுத்துவான். ஆட்டோ மட்டும் தெரிந்தவன் "பீப்" சத்தத்தை நம்பி உட்கார்ந்திருப்பான். இரண்டையும் கற்றுக்கொள்வோம். வருகிற ஃபேர்வெல் விழாவில் யார் கேமராவைத் தூக்கினாலும், கடைசி பெஞ்ச்காரன் முகமும் தெளிவாக விழட்டும்!